ஆற்றங்கரைக் கால்களுக்கு ஒரு வறண்ட மலை

டீச்சரிடம் கேளுங்கள்

கேள்வி: என் மகன் அமெரிக்காவில், அரிசோனா மாநிலத்து டூசான் நகரில் இருக்கிறான். ஜூன் மாதம் நானும் என் வீட்டுக்காரரும் போகிறோம். ஊரை ஒட்டியே சாண்டா கேட்டலினா என்ற மலைத்தொடர் இருக்கிறதாம். "ஒரு நாள் நடந்தே ஏறலாம்மா" என்கிறான். எனக்கு வயது 57. வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் நடந்த கால் இது. ஏற முடியுமா டீச்சர்? - வாசகி, மன்னார்குடி.

முடியும். ஆனால் ஜூனில் அடிவாரத்திலிருந்து வேண்டவே வேண்டாம். மகனிடம் கறாராகச் சொல்லிவிடுங்கள். என் மகள் அந்த ஊரில் இருந்தபோது நான் மூன்று தடவை போய் வந்தவள் என்பதால் சொல்கிறேன்.

ஊர் இருப்பது கடல்மட்டத்துக்கு மேலே சுமார் 2,400 அடியில். மலையின் உச்சியான மவுண்ட் லெமன் 9,157 அடி; நம் தொட்டபெட்டாவைவிட உயரம். நடுவில் உள்ள ஏற்றத்தைத் தஞ்சைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால், 216 அடிப் பெரிய கோயில் விமானத்தை ஒன்றின்மேல் ஒன்றாக முப்பது அடுக்கிப் பாருங்கள். அந்த முப்பதுக்குள் பாலைவனமும் இருக்கிறது, குளிர்காடும் இருக்கிறது. கீழே சகுவாரோ என்னும் தூண் கள்ளி. அதில் ஒரு கை கிளைக்கவே ஐம்பது, எழுபது வருஷம் ஆகும். 4,000 அடி வாக்கில் அது நின்றுவிடும். அப்புறம் ஓக், அதற்கு மேல் பாண்டரோசா பைன், உச்சியில் ஃபர். பைன் மரத்தடியில் நின்று பட்டையின் வெடிப்பில் மூக்கை வைத்துப் பாருங்கள். வெயில் பட்ட மரமாக இருந்தால் வெனிலா வாசனை வரும். எனக்கு அந்த மரத்தை விட்டு வர மனசே இல்லை.

ஜூனில் அடிவாரத்தில் நூறு டிகிரியைத் தாண்டுவது சர்வசாதாரணம். "மன்னார்குடி பார்க்காத நூறா?" என்று தோன்றும். நம்மூரில் வேர்த்தால் ரவிக்கை நனைந்து ஒட்டும், உடனே தெரிந்துவிடும். அங்கே காற்று வறண்டது. வேர்வை வந்த சுவடே இல்லாமல் காய்ந்துவிடும். முதல் தடவை, "எனக்கு வேர்க்கவே இல்லையே" என்று மகளிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் என் கறுப்புச் சுடிதாரின் முதுகைப் படமெடுத்துக் காட்டினாள். கோலம் போட்ட மாதிரி வெள்ளை வெள்ளையாக உப்புக் கோடு! அத்தனையும் என் உடம்பிலிருந்து போன தண்ணீர். தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். வெயிலில் ஏறினால் மணிக்கு ஒரு லிட்டர்கூடத் தேவைப்படும். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருப்பதும் ஆபத்து, ரத்தத்தில் உப்பு குறைந்துவிடும். எலுமிச்சைச் சாறு, உப்பு, கொஞ்சம் சர்க்கரை கலந்து தனி பாட்டிலில் வைத்துக்கொள்ளுங்கள். கையில் இருப்பதில் பாதி தீர்ந்த இடத்தில் அல்ல, அதற்கு முன்பே திரும்பிவிடுங்கள்.

அதனால், ஜூனில் காரிலேயே மேலே போய்விடுங்கள். சுமார் 43 கிலோமீட்டர் மலைப்பாதை. ஊரில் நூறு என்றால் மேலே எழுபதுகளில்தான் இருக்கும். ஃபர் மரங்களுக்கு நடுவே இரண்டு மணி நேரம் நடக்கலாம். காற்று மெலிந்திருப்பதால் மூச்சு வாங்கும், மெதுவாகவே நடங்கள். அடிவாரப் பாதைகள் உங்களுக்கு வேண்டுமென்றால் நவம்பர் முதல் மார்ச் வரை இன்னொரு தடவை போங்கள். 2020-இல் மின்னல் பற்றவைத்த தீயில் அந்த மலைத்தொடரில் ஏறக்குறைய 1,20,000 ஏக்கர் எரிந்தது. எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று அன்றன்று விசாரித்துவிட்டே கிளம்ப வேண்டும்.

உச்சிக்கு லெமன் என்ற பெயர் சாரா லெமன் என்ற தாவரவியல் பெண்மணியால் வந்தது. 1881-இல் கல்யாணமான புதிதில் கணவரோடு வந்தவர், தெற்குப் பக்கமாக முயன்று முடியாமல், வடக்கே சுற்றிக்கொண்டு போய் ஏறினார். வழியை மாற்றிக்கொள்வதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை அம்மா.

பயிற்சிக்கு மலை தேடி அலைய வேண்டாம். சுவாமிமலைப் படி அறுபது. வாரம் இரண்டு நாள் போய்ப் பத்துத் தடவை ஏறி இறங்குங்கள். இறங்கும்போதுதான் முழங்கால் உண்மையைச் சொல்லும். புது ஷூவை இங்கேயே வாய்க்கால் கரையில் ஒரு மாசம் போட்டுப் பழக்குங்கள்.

கேள்வி: அந்த ஊர்க் கள்ளி தாவி வந்து குத்துமாமே? - வாசகர், திருவாரூர்.

'சோயா' (cholla) என்கிற கள்ளியைச் சொல்கிறீர்கள். தாவாது. ஆனால் லேசாக உரசினாலே ஒரு துண்டு கழன்று ஒட்டிக்கொள்ளும். என் துப்பட்டாவில் ஒட்டியதைக் கையால் எடுக்கப் போய் உள்ளங்கையிலும் ஏற்றிக்கொண்டேன். முள்ளுக்கு நுண்ணிய எதிர்க்கொக்கி உண்டு, இழுத்தால் தோலும் சேர்ந்து வரும். மகள் பையிலிருந்து அகலப்பல் சீப்பை எடுத்து, துண்டுக்கும் கைக்கும் நடுவே நுழைத்து ஒரே சுண்டாகச் சுண்டிவிட்டாள். தண்ணீருக்கு அடுத்தபடி சீப்புதான்.

கேள்வி: அங்கே ஆறு வற்றிக் கிடந்தால், நம் காவிரி மணலில் தோண்டுவதுபோல ஊற்றுத் தோண்டிக் குடிக்கலாமா? - வாசகர், பாபநாசம்.

அந்த எண்ணமே வேண்டாம். தோண்டினால் தண்ணீர் வரும் என்று எந்த நிச்சயமும் இல்லை. இன்னொன்று, வறண்ட ஓடை நடுவில் உட்காரவே கூடாது. மேட்டூரில் திறந்தால் கல்லணைக்கு வர நாள் கணக்காகும்; நாம் பூவும் மஞ்சளுமாகக் காத்திருந்து கும்பிடுவோம். அங்கே ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை மதியத்தில் இடிமழை. நம் தலைக்கு மேல் நீலவானம் இருக்கும், மலை மேலே எங்கோ கொட்டும். சில நிமிஷத்தில் ஓடை நிறைந்துவிடும். ஆடி மாதத்தில் ஒருநாள் சபினோ பள்ளத்தாக்கின் ஓடையோரம் பாறையில் உட்கார்ந்து சப்பாத்தி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். முதலில் சத்தம்தான் வந்தது, லாரியில் ஜல்லி கொட்டுகிற மாதிரி. மகள் என் கையைப் பிடித்து மேட்டுக்கு இழுத்தாள். சப்பாத்தி டப்பா போயே போய்விட்டது. பழுப்புத் தண்ணீர், அதில் உருண்டு வந்த ஒரு மரக்கட்டை, நாங்கள் உட்கார்ந்திருந்த பாறை எது என்றே தெரியவில்லை.