வலி வருமுன் காதைச் சமன் செய்யுங்கள்

கேள்வி: என் வயது 32, ஊர் பாளையங்கோட்டை. சென்ற மாதம் அந்தமானில் ஸ்கூபா டைவிங் செய்தபோது, மூன்று மீட்டர் ஆழத்திலேயே இடது காதில் கடும் வலி ஏற்பட்டது. மூக்கைப் பிடித்துப் பலமாக ஊதியும் பயனில்லை. மேலே வந்து பார்த்தால் முகமூடிக்குள் இரத்தம். அன்று லேசான மூக்கடைப்பு இருந்தது. காது இன்னும் அடைத்தாற்போலவே உள்ளது. அடுத்த முறை சளி மாத்திரை போட்டுக்கொண்டு இறங்கலாமா?

பதில்: வேண்டாம். ஒரு மாதமாகியும் அடைப்பு விலகாததால், முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் செவிப்பறையைக் காட்டி, கேட்கும் திறனையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். அதுவரை நீருக்குள் இறங்குவதைப் பற்றி எண்ணவே வேண்டாம். காய்ச்சிய எண்ணெயையும் காதில் விட வேண்டாம், ஏனெனில் செவிப்பறையில் கிழிசல் இருந்தால் அது நடுச்செவிக்குள் இறங்கிச் சீழ் பிடிக்க இடமளிக்கும்.

மாஞ்சோலையிலிருந்து மணிமுத்தாறுக்கு இறங்கும்போது காது அடைப்பதை நீங்கள் உணர்ந்திருப்பீர்கள். சுமார் ஆயிரம் மீட்டர் மலை இறக்கத்தில் கூடும் அழுத்தம், கடலில் ஏறக்குறைய ஒரே மீட்டரில் கூடிவிடுகிறது. பத்து மீட்டரில் அழுத்தம் இருமடங்காகி, நடுச்செவியில் அடைபட்ட காற்று பாதியாகச் சுருங்கப் பார்க்கிறது. மூக்கின் பின்புறத்தையும் நடுச்செவியையும் இணைக்கும் யூஸ்டேஷியன் குழாய் வழியாகப் புதுக் காற்று சென்றால்தான் செவிப்பறை உள்நோக்கி இழுபடாமல் இருக்கும். சளியால் அக்குழாய் வீங்கியிருந்தால் காற்று செல்லாது. அழுத்த வேறுபாடு மிகுந்துவிட்டாலோ, நலமான குழாயும் இறுக மூடிக்கொள்ளும். நீங்கள் ஊதியது அந்தக் கட்டத்தில்தான். அப்போது பலமாக ஊதுவது உட்செவியின் மெல்லிய சவ்வையே கிழித்து நிரந்தரச் செவிட்டுத்தன்மையைத் தரக்கூடும் என்பதால், இதை மிகுந்த கவலையோடு சொல்கிறேன்.

எனவே வலிக்காகக் காத்திருக்காதீர்கள். நீர்மட்டத்திலேயே ஒருமுறையும், பின்னர் அரை மீட்டருக்கு ஒருமுறையும், மூக்கைப் பிடித்து மென்மையாக ஊதுங்கள்; அல்லது மூக்கைப் பிடித்தபடி விழுங்குங்கள். தலைகீழாகப் பாயாமல், கயிற்றைப் பிடித்துக் கால் கீழாக மெல்ல இறங்குங்கள். காது திறக்கவில்லையெனில் ஒரு மீட்டர் மேலேறி மீண்டும் முயலுங்கள். அப்போதும் திறக்காவிட்டால், கட்டிய பணத்தை எண்ணாமல் அன்றைய முயற்சியைக் கைவிடுங்கள். மேலே வரும்போது ஊதக் கூடாது. காதடைப்பானும் கூடாது, அதற்கும் செவிப்பறைக்கும் இடையில் சிக்கும் காற்று தனித் தொல்லையாகும்.

மாத்திரையை ஏன் மறுக்கிறேன் என்றால், அதன் வேகம் நீருக்கடியில் இருக்கும்போதே குறையலாம். அவ்வாறு குறைந்தால், மேலேறுகையில் விரியும் காற்று வெளியேற வழியின்றிக் காதிலும் முகச் சைனஸ்களிலும் சிக்கி வலிக்கும்; முதுகிலுள்ள சிலிண்டரில் சுவாசிக்கும் காற்றோ அளவோடுதான் இருப்பதால் கீழேயே தங்கவும் முடியாது. மூக்கடைப்பு நீக்கும் சொட்டு மருந்தைத் தொடர்ந்து சில நாட்கள் விட்டால் அடைப்பு முன்னிலும் மிகும். இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அத்தகைய மாத்திரைகள் வேறு ஆபத்தும் தரும். உங்களுக்கு ஒவ்வாமைத் தும்மல் அடிக்கடி வருமானால், மருத்துவர் ஆலோசனைப்படி மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு மருந்தைப் பயணத்துக்குச் சில வாரங்கள் முன்பே தொடங்கலாம். சளி பிடித்திருந்தால், அது முற்றிலும் தீர்ந்து, தரையில் மென்மையாக ஊதும்போது இரு காதுகளும் எளிதாகத் திறக்கும்வரை பொறுத்திருங்கள்.

தலைசுற்றல், காதிரைச்சல், திடீரெனக் கேட்கும் திறன் குறைதல் ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் இந்தப் பதிலை வைத்துக்கொண்டு காத்திராமல் இன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.