பேருந்து நிறுவனத்தின் சர்வர்களைக் கிளவுடுக்கு மாற்றுவது: கேள்வி பதில்

போக்குவரத்து நிறுவனங்களின் கணினி வேலைகளைக் கிளவுடுக்கு, அதாவது இணையம் வழியே வாடகைக்கு எடுக்கும் வேறொரு நிறுவனத்தின் சர்வர்களுக்கு, மாற்றுவது பற்றி உறுப்பினர்கள் கேட்டவை இவை. எனக்கு இதுதான் பிழைப்பு என்பதால் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்கிறேன்.

கேள்வி: சார், எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் மாற்றச் சொல்கிறது நிர்வாகம். எதில் தொடங்குவது?

பயணிகள் கண்ணில் படுகிற பக்கத்தில் தொடங்குங்கள்: இணையதளம், கால அட்டவணை, வண்டி எங்கே வருகிறது என்ற தகவல். கூட்டம் திடீரென்று ஏறுவதும் இறங்குவதும் அங்கேதான். லண்டனின் போக்குவரத்து நிர்வாகமான டிஎஃப்எல் தன் இணையதளத்தை அமேசான் கிளவுடில் நடத்துவதற்கு இதுவும் ஒரு காரணம். சுரங்க ரயிலில் வேலைநிறுத்தம் என்றால் நகரமே அந்தத் தளத்தைத் திறக்கும். அந்த ஒரு நாளுக்கென்று வாங்கிப் போட்ட சர்வர் மற்ற நாள்களில் சும்மா மின்சாரம் குடித்துக்கொண்டிருக்கும்.

சம்பளமும் உதிரிபாகக் கிடங்கும் அடுத்த சுற்றுக்குக் காத்திருக்கட்டும். ஜெர்மன் ரயில்வேயான டாய்ச்ச பான் தன் செயலிகளைக் கிளவுடுக்கு மாற்றி முடித்தது 2020இல். அதற்குச் சில ஆண்டுகள் பிடித்தன. ஆகவே 'ஒரே ஆண்டு' என்பதை எழுத்தில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இணைப்பு போய்விட்டால் டிக்கெட் கொடுப்பது எப்படி? கண்டக்டர்கள் எங்களைத்தான் திட்டுவார்கள்.

திட்டினால் அது நியாயமே. ஒவ்வொரு அமைப்பையும் எடுத்து வைத்து, 'பத்து நிமிடம் இணைப்பு இல்லாவிட்டால் என்ன நிற்கும்?' என்று கேளுங்கள். வண்டியே நிற்கும் என்று பதில் வந்தால், அந்த முடிவை எடுக்கும் இடம் வண்டியிலோ டிப்போவிலோ இருந்தாக வேண்டும்.

லண்டனில் வங்கி அட்டையைத் தட்டிப் பயணம் செய்யும் முறை 2012 டிசம்பரில் பேருந்துகளிலும், 2014 செப்டம்பரில் சுரங்க ரயிலிலும் வந்தது. தட்டிய அரை விநாடிக்குள் கதவு திறக்க வேண்டும். அதற்குள் வங்கியைக் கேட்டுப் பதில் வாங்க நேரம் இல்லை. அதனால் ஏற்கக் கூடாத அட்டைகளின் பட்டியல் தட்டும் கருவியிலேயே இருக்கிறது. கருவி அதைப் பார்த்து, அனுமதித்து, தட்டிய நேரத்தையும் இடத்தையும் குறித்துக்கொள்கிறது. கட்டணம், ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்பு, வங்கியில் பிடித்தம் எல்லாம் பிறகு மையத்தில் நடக்கின்றன. காசில்லாத அட்டை முதல் தடவை உள்ளே புகுந்துவிடலாம். தெரிந்தே ஏற்றுக்கொண்ட நஷ்டம் அது. காலை எட்டு மணிக்குக் கதவடியில் வரிசை நின்றால் அதைவிடப் பெரிய நஷ்டம்.

உங்கள் டிப்போவுக்கும் இதுவே. விடியற்காலை நான்கு மணிக்கு முதல் வண்டி கிளம்புகிறது. எந்த ஓட்டுநர், எந்த வண்டி, எந்தத் தடம் என்ற பணிப்பட்டியல் அந்த நேரத்தில் கிளவுடில் மட்டும் இருக்கக் கூடாது. முந்தின இரவே உள்ளூர்க் கணினியில் ஒரு நகல் இறங்க வேண்டும், அச்சடித்த ஒரு தாளும் நேரக்காப்பாளர் மேசையில் இருக்க வேண்டும். டிக்கெட் மெஷினும் கட்டணப் பட்டியலைத் தன்னிடமே வைத்திருந்து, விற்றதைச் சேமித்து, இணைப்பு வந்ததும் அனுப்ப வேண்டும். தாளைப் பார்த்து ஆலோசகர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

கேள்வி: செலவு குறையும் என்கிறார்களே?

இருப்பதை அப்படியே தூக்கிக்கொண்டு போய் வைத்தால் பெரும்பாலும் கூடும். சோதனைச் சர்வர்களை இரவில் அணைக்க வேண்டும். பேருந்துக் கேமராப் பதிவுகள் வண்டியிலேயே தங்கி, சம்பவம் நடந்த துண்டு மட்டும் மேலே போக வேண்டும். முழுவதையும் ஏற்றினால் சேமிப்புக் கட்டணமும் சிம் கட்டணமும் சேர்ந்து கையைக் கடிக்கும்.

கேள்வி: கிளவுடுக்குப் போனால் ஹேக்கர்கள் தொல்லை தீருமா அண்ணா?

தீராது தம்பி. 2016 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் மியூனி போக்குவரத்தின் கணினிகளைப் பணம் பறிக்கும் மென்பொருள் முடக்கியது. டிக்கெட் இயந்திரங்களை அணைத்து, வாயில்களைத் திறந்துவிட்டு, மக்களை இலவசமாகப் பயணம் செய்ய விட்டார்கள். வண்டிகள் ஓடின, ஏனென்றால் அவற்றை ஓட்டும் அமைப்பு பாதிக்கப்படவில்லை. 2024 செப்டம்பரில் டிஎஃப்எல் தாக்கப்பட்டபோதும் ரயில்கள் நிற்கவில்லை. ஆனால் சுமார் 30,000 ஊழியர்களை நேரில் வரவழைத்து, ஆளைச் சரிபார்த்துக் கடவுச்சொல் மாற்ற வேண்டியிருந்தது. சர்வர் யாருடைய கட்டடத்தில் இருந்தாலும் கடவுச்சொல்லைக் காப்பது நம் வேலைதான்.

கேள்வி: பேக்கப்பை, அதாவது தரவின் மாற்று நகலை, கிளவுடு நிறுவனமே பார்த்துக்கொள்ளும் அல்லவா?

ஒப்பந்தத்தைப் படியுங்கள். 2021 மார்ச்சில் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓவிஎச் என்ற கிளவுடு நிறுவனத்தின் டேட்டா சென்டர் எரிந்தது. வேறெங்கும் நகல் வைக்காத வாடிக்கையாளர்களில் பலர் தரவை இழந்தார்கள். இன்னோர் ஊரில் ஒரு நகல் வையுங்கள். அதை எடுத்து ஓட்டிப் பார்க்காத வரை அது பேக்கப் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கேள்வி: சர்வர் அறையில் வேலை செய்யும் நாங்கள் என்ன ஆவோம்?

நள்ளிரவில் எந்தப் பழைய நிரல் எந்தக் கோப்பை எங்கே அனுப்புகிறது என்பது உங்களுக்கு மட்டுமே தெரியும். மாற்றத்தின் பாதி வேலை அதை எழுதி எடுப்பதுதான். அந்த வேலையை நீங்களே கேட்டு வாங்குங்கள், பயிற்சியையும் சேர்த்து.

கேள்வி: எந்த நாளில் மாற்றுவது?

பாஸ் விற்பனை குவியும் நாள்கள் வேண்டாம். தீபாவளி, பொங்கல் முன்பதிவுக் காலம் வேண்டவே வேண்டாம். மாதத்தின் நடுவில், வாரநாள் ஒன்றின் இரவில், கடைசி வண்டி டிப்போவுக்குள் வந்த பிறகு செய்யுங்கள். ஒரு மாத வசூல் கணக்கு இரண்டு பக்கமும் ஒத்துப்போகும் வரை பழைய சர்வரை அணைக்காதீர்கள்.