இரண்டரை வயதுக்கு நாடக வகுப்பா?

கேள்வி: என் மகளுக்கு இரண்டரை வயது. பொம்மைக்கு ஊட்டுவாள், அதோடு சரி. நாடக வகுப்பில் சேர்த்தால் கற்பனை வளரும் என்று ஓராண்டுக் கட்டணத்தை முன்பணமாகக் கேட்கிறார்கள். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். நீங்கள் எழுதியதை மட்டும் வைத்து அவள் பின்தங்கியவள் என்று சொல்லிவிட முடியாது. பாவனை விளையாட்டில் காலிக் கோப்பையைக் குடிப்பதுபோல் காட்டுவது முதலில் வரும். ஒன்றரை வயதுவாக்கில் பொம்மைக்கு ஊட்டுவது. இரண்டு, இரண்டரை வாக்கில் மரக்கட்டையைப் போனாகக் காதில் வைப்பது. ஊட்டி, வாய் துடைத்து, தூங்கவைத்து என்று கோத்து விளையாடுவது மூன்றை நெருங்கும்போதுதான்.

வீட்டிலேயே செய்யலாம். ஒரு பொம்மை, கோப்பை, கரண்டி, துணி போதும். மற்ற பொம்மைகளைக் கண்ணில் படாமல் வையுங்கள், டிவியை அணையுங்கள். தரையில் எதிரே உட்கார்ந்து, காலிக் கோப்பையை உறிஞ்சி 'ஸ்ஸ்… சுடுது!' என்று ஊதிக் காட்டுங்கள். பிறகு மனதுக்குள் பத்து எண்ணும்வரை பேசாதீர்கள். பெரும்பாலோர் மூன்று எண்ணுவதற்குள் 'நீ செய், நீ செய்' என்று நச்சரித்து இங்கேதான் கெடுக்கிறார்கள். அவளும் ஊதினால் இன்னும் ஒரே ஒரு படி: பொம்மையின் வாயைத் துடையுங்கள். அது பழகியபின் கோப்பைக்குப் பதில் ஒரு டப்பா. ஒரு நேரத்தில் ஒரு பொருளைத்தான் மாற்ற வேண்டும். பொம்மை தலையணையாகி, கோப்பையும் கட்டையானால் எது எதுவென்று இந்த வயதுக்குப் பிடிபடாது, எறிந்துவிட்டுப் போய்விடுவாள். பத்து நிமிடம் போதும். முகமூடி வேண்டாம், பல குழந்தைகள் மிரளும். வாய்க்குள் போகும் அளவுள்ள சொப்புச் சாமான் மூன்று வயதுவரை கூடவே கூடாது.

'இலவச மதிப்பீடு' என்று அழைப்பவர்களிடம் எச்சரிக்கை. உங்கள் குழந்தை பின்தங்கியிருக்கிறது என்பார்கள். அடுத்து கட்டணம், அதன்பின் 'கற்பனைப் பெட்டி' விற்பனை. வகுப்பில் பெற்றோரை உட்காரவிடுவார்களா, மேடை ஏற்றுவார்களா என்று கேளுங்கள். மேடை என்றால் வசன மனப்பாடம்தான். மழலையர் பள்ளிகளும் ஆண்டு விழா ஒத்திகையில் விளையாட்டு நேரத்தைத் தின்கின்றன, தட்டிக் கேட்பாரில்லை.

ஒரே ஒரு விலக்கு. அதை அழுத்திச் சொல்கிறேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாமை, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டாமை, நீங்கள் செய்வதைப் பார்த்துச் செய்யாமை, பேசிய சொற்கள் நின்றுபோதல்: இவற்றில் ஒன்று இருந்தாலும் குழந்தை மருத்துவரிடம் போங்கள். காது கேட்கும் திறனையும் சோதிக்கச் சொல்லுங்கள். 16 முதல் 30 மாதம் வரையுள்ள குழந்தைகளுக்குப் பெற்றோரே பதில் சொல்லும் 20 கேள்விகள் கொண்ட எம்-சாட்-ஆர் (M-CHAT-R) என்னும் ஆட்டிசம் கேள்வித்தாள் இருக்கிறது. அது முதற்கட்ட வடிகட்டல்தான், நோய் முடிவு அல்ல. உங்கள் மகள் அந்த எல்லையில் நிற்கிறாள். தாண்டிவிட்டால் வேறு மதிப்பீடு இருக்கிறது, அதற்காகப் போகாமல் இருக்காதீர்கள். 'வளர்ந்தால் சரியாகிவிடும்' என்னும் உறவினரும், 'மூன்று மாதத்தில் பேசவைப்போம்' என்னும் வகுப்புக்காரரும் வீணாக்குவது உங்கள் குழந்தையின் மாதங்களை. போகும்போது அவள் விளையாடுவதை இரண்டு நிமிடம் போனில் படம்பிடித்து எடுத்துப் போங்கள். மருத்துவர் அறையில் அவள் மடியை விட்டு இறங்காமல் இருக்கலாம்.