மகனின் நடிப்பு ஆசையும் கல்லூரிக் கடனும்

வணக்கம் அம்மா. நியூஜெர்சியிலிருந்து உங்கள் மகனின் நடிப்பு ஆசையைப் பற்றி நீங்கள் எழுதிய நீண்ட மின்னஞ்சலில் ஒரு வரி என்னைச் சிரிக்க வைத்துவிட்டது. "ஹீரோ ஆகணும்னு சொன்னாக்கூட ஏதோ வயசுக் கோளாறுன்னு விட்டுடலாம். இவன் ஹீரோவுக்குப் பின்னாடி நிக்கிற ஆளா நடிக்கணுங்கிறானே!" உங்கள் வீட்டுக்காரருக்கு இதுதான் தாங்கவில்லை என்கிறீர்கள். எனக்கென்னவோ பையன் யோசித்துத்தான் பேசுகிறான் என்று படுகிறது. அமெரிக்காவில் நடிப்பை மட்டும் வைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்களில் பலர் குணச்சித்திர நடிகர்கள்தான். முகத்தைப் பார்த்தால் தெரியும். பெயர் கேட்டால் நமக்கு வராது.

அவன் எந்நேரமும் பேசுகிற ஜே.கே. சிம்மன்ஸையே எடுத்துக்கொள்வோம். 1955இல் பிறந்தவர். மான்டானா பல்கலைக்கழகத்தில் அவர் படித்தது இசை. பிக்ஃபோர்க் என்ற சிற்றூரின் கோடைகால நாடகக் குழுவில் பாடி நடித்துப் பழகி, சியாட்டில் மேடைகளைப் பார்த்துவிட்டு, நியூயார்க் போனார். 1992இல் பிராட்வேயில் மறுபடி அரங்கேறிய 'கைஸ் அண்ட் டால்ஸ்' இசை நாடகத்தில் ஒரு துணைப் பாத்திரம். டி.வி.யில் ஊருக்கு முகம் தெரிய ஆரம்பித்தது 1997இல், 'ஆஸ்' என்ற சிறைச்சாலைத் தொடரில். அப்போது வயது 42.

அந்தத் தொடரில் அவர் இனவெறி பிடித்த, பார்த்தாலே குலை நடுங்குகிற கைதி. அதே காலத்தில் 'லா அண்ட் ஆர்டர்' தொடரில் போலீசுக்கு ஆலோசனை சொல்கிற மனநல மருத்துவர். ஒன்று கேபிள் சேனலில், மற்றொன்று எல்லார் வீட்டிலும் வருகிற சேனலில். ஒரே மனிதர், ஒரே ஊரில் படப்பிடிப்பு, நேரெதிரான இரண்டு ஆட்கள். வில்லன் முத்திரை குத்தி மூலையில் உட்கார வைக்க அதனாலேயே யாருக்கும் முடியவில்லை. 2002இல் 'ஸ்பைடர்மேன்' படத்தின் கத்தித் தீர்க்கும் பத்திரிகை ஆசிரியர் ஆனார். 'விப்லாஷ்' படத்துக்காக ஆஸ்கர் வாங்கியது 2015இல், அறுபது வயதில். மேடையில் நின்று அவர் சொன்னது, அம்மா அப்பாவுக்கு ஃபோன் பண்ணுங்கள் என்பதுதான். உங்கள் மகனுக்கு இந்தப் பகுதியை மட்டும் நினைவூட்டுங்கள்!

விருதைவிட, நடுவில் அவர் வீட்டில் அடுப்பு எரிந்தது எப்படி என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். மஞ்சள் நிற எம் அண்ட் எம்ஸ் மிட்டாய் விளம்பரத்தில் பேசுவது அவர் குரல். ஃபார்மர்ஸ் இன்சூரன்ஸ் விளம்பரத்தில் வருஷக்கணக்காக வருகிறவரும் அவர்தான். இந்தத் தொழிலில் ஒற்றைச் சம்பளம் என்று ஒன்று கிடையாது. மேடை, தொடர், விளம்பரம், பின்னணிக் குரல், பழைய தொடர் மறுஒளிபரப்பானால் வருகிற 'ரெசிடுவல்' தொகை என்று சின்னச் சின்ன வரவுகள் பல இடங்களிலிருந்து சேர வேண்டும். அவர் கற்ற பாட்டுதான் ஆரம்பத்தில் மேடையில் சோறு போட்டது. உங்கள் பையன் கர்நாடக சங்கீதத்தை எட்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டான் என்று எழுதியிருந்தீர்கள். திரும்ப ஆரம்பிக்கச் சொல்லுங்கள், பக்திக்காக இல்லை, பிழைப்புக்காக.

இனி கணக்குக்கு வருவோம். நடிகர் சங்கமான சாக்-ஆஃப்ட்ராவின் ஒப்பந்தப்படி ஒரு நாள் வேடத்துக்குக் குறைந்தபட்சக் கூலி 1,200 டாலருக்குக் கொஞ்சம் மேல். வேடம் தேடித் தருகிற ஏஜென்டுக்கு அதில் பத்து சதவீதம். சங்கத்தின் மருத்துவக் காப்பீடு கிடைக்க 2023இல் வருஷத்துக்கு 26,470 டாலர் சம்பாதித்திருக்க வேண்டும். அந்த வரம்பு பிறகு இன்னும் ஏறியிருக்கிறது. வருஷத்தில் 22, 23 நாள் வேலை கிடைத்தால் போதுமே, அதுகூடவா கிடைக்காது என்று தோன்றும். கிடைப்பதில்லை. அந்த வருஷம் நடிகர்கள் செய்த வேலைநிறுத்தத்தின்போது சங்கமே சொன்னது, உறுப்பினர்களில் 86 சதவீதம் பேர் அந்த வரம்பைத் தொடுவதில்லை என்று. இதை மகனிடம் மறைக்காமல், மிரட்டாமல், காகிதத்தில் எழுதிக் காட்டுங்கள். கூடவே ஒரு நல்ல சேதி: 26 வயது வரை அவன் உங்கள் காப்பீட்டிலேயே இருக்கலாம்.

ஆக, நான் பயப்படுவது நடிப்பைப் பார்த்து அல்ல, கடனைப் பார்த்து. நியூயார்க்கில் பெயர்பெற்ற தனியார் பல்கலைக்கழகத்தில் தங்குமிடம் சாப்பாடு சேர்த்தால் வருஷச் செலவு 90,000 டாலரைத் தாண்டுகிறது. நாலு வருஷத்தைப் பெருக்கிப் பாருங்கள். மாதம் இரண்டாயிரம் டாலர் தவணை கட்ட வேண்டியவன் ஆடிஷனுக்குப் போக மாட்டான்; ஓவர்டைம்தான் பார்ப்பான். பிள்ளையின் படிப்புக்காகப் பெற்றோர் வாங்குகிற 'பேரண்ட் ப்ளஸ்' அரசுக் கடன் உங்கள் பெயரில் ஏறும் என்பதையும் உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுங்கள். உங்கள் மாநிலத்திலேயே ரட்கர்ஸ் அரசுப் பல்கலைக்கழகத்தின் மேசன் கிராஸ் கலைப்பள்ளி இருக்கிறது. நடிப்பில் பி.எஃப்.ஏ. என்ற இளங்கலைப் பட்டம் உண்டு, லண்டன் குளோப் அரங்கில் பயிற்சியும் உண்டு, கட்டணம் உள்ளூர் மாணவர் கட்டணம். வீட்டிலிருந்து ரயில் ஏறினால் நியூயார்க் பென் ஸ்டேஷன். சிம்மன்ஸ் காலத்து ஆட்கள் நியூயார்க் வாடகைக்காகப் பட்ட பாட்டைப் பார்த்தால், பெற்றோர் வீட்டு மாடி அறையே பெரிய ஸ்காலர்ஷிப்தான். மேற்படிப்பு வேண்டுமானால் யேல் நாடகப் பள்ளி இருக்கிறது. 2021இல் டேவிட் கெஃபன் என்ற கோடீஸ்வரர் 15 கோடி டாலர் கொடுத்த பிறகு அங்கே கல்விக் கட்டணமே இல்லை. இடம் கிடைப்பதுதான் குதிரைக்கொம்பு.

கேத்ரின் ஜூஸ்டன் என்று ஒரு அம்மா இருந்தார். சிகாகோவில் மனநலப் பிரிவு நர்ஸ். 42 வயதில் உள்ளூர் நாடகத்தில் இறங்கி, கடைசியில் இரண்டு எம்மி விருது வாங்கினார். இதைப் படித்ததும் "அப்போ முதல்ல டாக்டருக்குப் படி, நாற்பதுக்கு மேல நடி" என்று சொல்ல உங்கள் நாக்கு துடிக்கும். சொல்லாதீர்கள். விருப்பமில்லாமல் ப்ரீ-மெட், அதாவது மருத்துவத்துக்கு முந்தைய படிப்பில் சேர்ந்து, மூன்றாம் வருஷத்தில் எதுவுமே இல்லாமல் வந்து நிற்கிற பிள்ளைகளை நான் நிறையப் பார்க்கிறேன்.

நம் நிறத்துக்கும் முகத்துக்கும் என்ன வேடம் தருவார்கள் என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி. முன்பெல்லாம் டாக்சி ஓட்டுநர், கடைக்காரர், இரண்டு வரி பேசுகிற டாக்டர், அதோடு சரி. இப்போது கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. 2020 முதல் 2023 வரை வந்த 'நெவர் ஹேவ் ஐ எவர்' தொடரில் தமிழ் அம்மாவாக பூர்ணா ஜெகந்நாதன், அப்பாவாக செந்தில் ராமமூர்த்தி. செந்திலின் பெற்றோர் இருவருமே மருத்துவர்கள். அவரும் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் ப்ரீ-மெட் மாணவராக ஆரம்பித்து, ஒரு நடிப்பு வகுப்புக்குப் போன பிறகு தடம் மாறியவர்தான். ஆனாலும் இரண்டு வரி டாக்டர் வேடங்கள் இன்னும் வரும். அவற்றை ஏற்பதா வேண்டாமா என்பதை அவன்தான் முடிவு செய்ய வேண்டும். நீங்கள் மனதுக்குள்கூட "டாக்டராவது ஆனானே" என்று சொல்லிக்கொள்ளக் கூடாது.

வேடம் வாங்கித் தருகிறேன் என்று யாராவது முன்பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். உண்மையான ஏஜென்ட் வேலை வாங்கிக் கொடுத்த பிறகுதான் தன் பங்கை எடுப்பார். "பையன் முகம் பிரமாதம், எங்கள் ஃபோட்டோ பேக்கேஜ் மூவாயிரம் டாலர்" என்பவர் புகைப்பட வியாபாரி. கலிஃபோர்னியாவில் இப்படி முன்பணம் வாங்குவதைத் தடுக்கத் தனிச் சட்டமே இருக்கிறது. காசு வாங்கிக்கொண்டு, வேடத்துக்கு ஆள் தேர்ந்தெடுக்கிற காஸ்டிங் ஆட்களைச் சந்திக்க வைத்ததாக 2017இல் லாஸ் ஏஞ்சலஸில் 25 பேர்மேல் வழக்குப் போட்டார்கள்.

உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. இப்போது ஆடிஷன்களில் பெரும்பாலானவை 'செல்ஃப் டேப்'. சாயங்காலம் இரண்டு பக்க வசனம் வரும், மறுநாள் மதியத்துக்குள் பதிவு செய்து அனுப்ப வேண்டும். வெற்றுச் சுவர், ஸ்டாண்டில் ஃபோன், முகத்தில் நேரான வெளிச்சம். கேமராவுக்குப் பக்கத்தில் நின்று எதிராளி வசனத்தை யாராவது படிக்க வேண்டும். அது நீங்கள்தான். ஏற்ற இறக்கமில்லாமல், மெதுவான குரலில் படித்தால் போதும். உங்கள் உச்சரிப்பை யாரும் கவனிக்கப் போவதில்லை. ஒரே வசனத்தை அவன் ஆறாம் முறை எப்படி மாற்றிச் செய்கிறான், அலுக்கிறானா, இன்னும் கேட்கிறானா என்று பக்கத்திலிருந்து பாருங்கள். அவனால் இதில் தாக்குப்பிடிக்க முடியுமா என்பதற்கு என்னைவிட நீங்களே நல்ல பதில் சொல்வீர்கள்.

செப்டம்பரில் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்குகிறது. அதற்குள் ஒன்றுக்கொன்று மாறுபட்ட இரண்டு தனிவசனங்களும் ஒரு பாட்டும் தயாராக இருக்கட்டும். பல கல்லூரிகள் குளிர்கால நேரடி ஆடிஷனுக்கு முன்பே முன்தேர்வு வீடியோ கேட்கும். நடிப்புக் கல்லூரிகளோடு, ஆடிஷன் இல்லாமல் சேர்க்கிற இரண்டு அரசுப் பல்கலைக்கழகங்களுக்கும் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். வசந்தத்தில் நிதியுதவிக் கடிதங்கள் வரும். இடத்தை உறுதி செய்ய மே 1க்குள் கல்லூரிக்கு முன்பணம் கட்டச் சொல்வார்கள். கட்டுவதற்கு முன் எல்லாக் கடிதங்களையும் எனக்கு அனுப்புங்கள். 'உதவித்தொகை' என்று அச்சடித்திருப்பதில் எவ்வளவு கடன் ஒளிந்திருக்கிறது என்று வரிவரியாகப் பார்த்துச் சொல்கிறேன்.