போடியத்தின் உள்தட்டு

அன்புள்ள ஆசிரியருக்கு,

எனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த டீச்சர் அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார். பழைய மாணவர்கள் சார்பில் நான் ஏழு நிமிடம் பேச வேண்டும். மேடையில் பேசிப் பழக்கமில்லை என்பதால் ஒரு பேச்சுப் பயிற்சி வகுப்பில் சேர்ந்தேன். போடியத்துக்குப் பின்னால் நிற்பவர்கள் ஒளிந்துகொள்கிறார்கள், அது உங்களுக்கும் கேட்பவர்களுக்கும் நடுவே ஒரு சுவர், வெளியே வந்து நடந்துகொண்டே பேசுங்கள், கையில் தாள் இருக்கவே கூடாது என்கிறார் பயிற்சியாளர். பேச்சில் சொற்களின் பங்கு 7 சதவீதம்தானாம், மிச்சமெல்லாம் குரலும் உடல்மொழியுமாம். எனக்கோ நின்றாலே கால் நடுங்குகிறது. கையை எங்கே வைத்துக்கொள்வது என்றும் தெரியவில்லை. டீச்சரைப் பற்றிச் சொல்லும்போது தொண்டை அடைத்துவிடுமோ என்ற பயம் வேறு. போடியத்தின் பின்னால் நிற்பதா, வெளியே வருவதா?

க.

அன்புள்ள க.,

உங்கள் கடிதத்தைப் படித்த அன்று மாலைதான் ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டு வந்திருந்தேன். காலர் மைக் மாட்டிய ஒருவர் நாற்பது நிமிடம் மேடையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்தார். நடுவில் போடியம் சும்மா நின்றது. அவர் வலது பக்கம் போனால் நாங்கள் வலது பக்கம், இடது பக்கம் போனால் இடது பக்கம். கழுத்து வலிதான் மிச்சம். என்ன பேசினார் என்று வீட்டுக்கு வரும் வழியில் யோசித்துப் பார்த்தேன், அவருடைய ஷூ நன்றாக நினைவிருக்கிறது.

முதலில் அந்த 7 சதவீதத்தை முடித்துவிடுவோம். ஆல்பர்ட் மெஹ்ராபியன் என்ற உளவியலாளர் 1967-ல் செய்த இரண்டு சிறிய ஆய்வுகளிலிருந்து வந்த கணக்கு அது. ஒற்றைச் சொற்களை வேறு வேறு தொனியில் சொல்லவைத்து, சொன்னவருக்கு எதிராளி மேல் விருப்பமா வெறுப்பா என்று கேட்பவர்களை ஊகிக்கச் சொன்னார்கள். அவ்வளவுதான். எல்லாப் பேச்சுக்கும் இது பொருந்தாது என்று மெஹ்ராபியனே எழுதியிருக்கிறார். ஆனாலும் பயிற்சி வகுப்பு நடத்துகிறவர்கள் விடுவதாயில்லை. சொற்களின் பங்கு வெறும் 7 சதவீதம் என்பதையும் உங்கள் பயிற்சியாளர் சொற்களால்தானே சொன்னார்? அபிநயம் பிடித்துக் காட்டியிருக்கலாமே. இதையெல்லாம் குறிப்பெடுத்துக்கொண்டு வந்து எனக்கு எழுதுகிறீர்கள் பாருங்கள், படித்த பெண், ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டாமா?

கால் நடுங்குவதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. எல்லோருக்கும் நடுங்கும். போடியம் இருந்தால் அது வெளியே தெரியாது, அந்த வகையில் அது நல்லதுதான்.

அப்புறம் இந்த ‘சுவர்’ விஷயம். நாம் போடியம் என்று சொல்லும் பொருளுக்குச் சரியான பெயர் அதுவல்ல. கிரேக்கத்தில் பாதத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது போடியம், காலுக்கு அடியில் இருக்கும் மேடைக்குத்தான் அந்தப் பெயர். தாள் வைக்கிற சாய்வு மேசை லெக்டெர்ன். வாசிப்பது என்று பொருள்படும் லத்தீன் வேர் அதற்கு. லெக்சர் என்ற சொல்லும் அதே வேரிலிருந்து வந்ததுதான், அச்சுப் புத்தகம் வராத காலத்தில் பல்கலைக்கழகத்து ஆசிரியர் நூலை வாசிப்பார், மாணவர்கள் கேட்பார்கள், அதற்குப் பெயர் பாடம். சரி, ஊரே போடியம் என்கிறது, நானும் அப்படியே சொல்லிவிட்டுப் போகிறேன். ஆனால் அந்த மரச்சாமான் வாசிப்பதற்காகப் பிறந்தது என்பதை மட்டும் மறக்காதீர்கள். பழைய தேவாலயங்களில் பித்தளைக் கழுகு ஒன்று விரித்த சிறகின் மேல் பைபிளைத் தாங்கிக்கொண்டு நிற்கும், பார்த்திருப்பீர்கள். அதன் பின்னால் நின்று வாசிப்பவரை யாராவது ஒளிந்துகொள்கிறார் என்று சொன்னதுண்டா?

உயரம் ஒரு பிரச்சினைதான், ஒத்துக்கொள்கிறேன். பெரும்பாலான போடியங்கள் 110 முதல் 120 செ.மீ. உயரத்தில் செய்யப்பட்டவை. ஐந்தடி உயரக்காரருக்கு அது நெஞ்சு வரை வரும். 1991 மே மாதம் பிரிட்டிஷ் ராணி எலிசபெத் வெள்ளை மாளிகைக்குப் போனபோது, ஆறடிக்கு மேல் உயரமான ஜனாதிபதி புஷ் பேசிவிட்டு நகர்ந்தார், அதே போடியத்தில் ராணி பேச வந்தார். அவர் ஏறி நிற்க வேண்டிய படியை இழுத்துவிட மறந்துவிட்டார்கள். கேமராவில் தெரிந்தது மைக்குகளும் ஒரு தொப்பியும்தான். தொப்பியே பேசுகிறது என்று உலகம் முழுக்கச் சிரித்தார்கள். இரண்டு நாள் கழித்து அமெரிக்க நாடாளுமன்றத்தில் பேச எழுந்தவர், இன்றைக்காவது நான் உங்களுக்குத் தெரிகிறேனா என்கிற மாதிரி ஒரு வரி சொல்லித்தான் ஆரம்பித்தார். ராணிக்கே நடந்தது உங்களுக்கும் நடக்கலாம். முன்கூட்டியே போய், கீழே வைக்க உறுதியான பலகை ஒன்று கேட்டு வாங்குங்கள். முடிந்தது.

இனி தாள். இதைத்தான் நான் பேச விரும்பினேன், நீங்கள் கேட்டிருக்காவிட்டாலும் எங்கேயாவது எழுதியிருப்பேன்.

தாளைப் பார்த்துப் பேசுவது இளக்காரம் என்று எப்போது முடிவு செய்தோம்? பார்க்காமல் பேசுவது மனப்பாடத் திறமை, அதற்குத் தனியாகக் கைதட்டலாம். ஆனால் ஒருவர் உட்கார்ந்து எழுதி, அடித்து, திருத்தி, இருநூறு பேருடைய ஏழு நிமிடத்தை வீணாக்கக் கூடாது என்று பயந்து, அந்தத் தாளோடு வந்து நின்றால், அவர்தான் ஒளிந்துகொள்கிறவரா? வாய்க்கு வந்ததைப் பேசிக்கொண்டு உலாத்துகிறவர் மனம் திறந்து பேசுகிறவரா? எனக்கு இது புரியவே இல்லை.

சர்ச்சில் இளைஞராக இருந்தபோது பேச்சை மனப்பாடம் செய்துகொண்டு போவார். 1904 ஏப்ரல் 22 அன்று நாடாளுமன்றத்தில் முக்கால் மணி நேரம் நன்றாகத்தான் பேசினார், திடீரென்று அடுத்த வரி வரவில்லை. தேடினார், வரவில்லை. முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அப்போது அவருக்கு 29 வயது. அதற்குப் பிறகு முழுக் குறிப்பு இல்லாமல் அவர் எழுந்ததில்லை. அந்தக் குறிப்பையும் பத்தி பத்தியாக அடிக்க மாட்டார்கள், மூச்சு விடுகிற இடத்தில் வரியை உடைத்து, பார்வைக்குப் பாட்டு மாதிரி அடித்திருப்பார்கள். ஆங்கிலத்தில் அவரைவிடப் பெரிய பேச்சாளரை உங்கள் பயிற்சியாளருக்குத் தெரிந்தால் எனக்கு எழுதச் சொல்லுங்கள்.

உடனே மார்ட்டின் லூதர் கிங்கை இழுத்துக்கொண்டு வருவார், தெரியும். 1963 ஆகஸ்ட் 28 அன்று அவர் தாளை ஒதுக்கிவிட்டுத்தான் அந்தக் கனவைப் பற்றிப் பேசினார், உண்மைதான். பின்னால் இருந்து பாடகி மஹாலியா ஜாக்சன் அந்தக் கனவைச் சொல்லுங்கள் என்று குரல் கொடுத்தார் என்பார்கள். ஆனால் அதற்கு முன்னால் பேச்சின் பெரும்பகுதியை அவர் எழுதிவைத்த தாளிலிருந்துதான் பேசினார். அந்தக் கனவுப் பகுதியும் அங்கே புதிதாக முளைத்ததல்ல, முன்பே வேறு மேடைகளில் பேசியது. ஒதுக்குவதற்கும் ஒரு தாள் வேண்டும் இல்லையா? தாளே இல்லாதவர் எதை ஒதுக்குவார்?

இன்னொருவர் அமெரிக்காவின் முன்னாள் ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட். 1912 அக்டோபர் 14 அன்று மில்வாக்கி நகரத்தில் பேசப் போகிற வழியில் அவரை ஒருவன் நெஞ்சில் சுட்டான். சட்டைப்பையில் மூக்குக்கண்ணாடியின் இரும்புக் கூடும், இரண்டாக மடித்த ஐம்பது பக்கப் பேச்சும் இருந்தன. இரண்டையும் துளைத்துக்கொண்டு போன குண்டு வேகம் குறைந்து நெஞ்சுத் தசையோடு நின்றுவிட்டது. மனிதர் மேடைக்குப் போய், ஓட்டை விழுந்த தாளைக் கூட்டத்துக்குக் காட்டிவிட்டு, ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் பேசினார். குறிப்பில்லாமல் பேசுகிற வழக்கம் இருந்திருந்தால் அன்றைக்கே கதை முடிந்திருக்கும். (சுருக்கமாக எழுதுகிற வழக்கம் இருந்திருந்தாலும்தான். அதை ஏழு நிமிடத்துக்காரரான உங்களிடம் சொல்லக் கூடாது.)

கிண்டல் இருக்கட்டும். இவ்வளவு கோபம் எனக்கு எதற்கு என்று நினைப்பீர்கள். உங்கள் பயிற்சியாளர் மாதிரி ஒருவரிடம் நானும் போனேன், அதனால்தான்.

அப்போது எனக்கு 27 வயது. என் முதல் புத்தகம் வந்திருந்த சமயம், ஒரு கல்லூரியில் கூப்பிட்டிருந்தார்கள். வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடி தாள் இல்லாமல் போனேன், போடியத்தைத் தொடாமல் மேடையின் முன்விளிம்புக்கு வந்து நின்றேன். இருபது நிமிடம் பேச வேண்டும். முதல் நான்கு நிமிடம் பிரமாதம். அதற்கப்புறம் மண்டைக்குள் ஒன்றுமே இல்லை, விளக்கை அணைத்த மாதிரி. ஒரு நகைச்சுவை சொன்னேன், சிரித்தார்கள். ஏற்கெனவே சொன்ன அதையே மறுபடி சொல்லியிருக்கிறேன் என்பது அவர்கள் சிரித்த விதத்திலிருந்துதான் தெரிந்தது. நடப்பது போலப் பின்னாலேயே நகர்ந்து நகர்ந்து போடியத்துக்கு வந்து சேர்ந்தேன். அதன் மேல் பலகையைப் பிடித்துக்கொண்டு, குறிப்பு எதையோ தேடுவது போலக் குனிந்தேன்.

போடியத்தின் உள்ளே ஒரு தட்டு இருக்கும், கேட்பவர்களுக்குத் தெரியாது. தண்ணீர் பாட்டிலின் மூடி, செத்துப்போன பேட்டரி, யாரோ விட்டுப்போன கண்ணாடிக் கூடு, கால் பாகம் கிழிந்த நிகழ்ச்சி நிரல் எல்லாம் அங்கேதான் கிடக்கும். அன்றைக்கு அங்கே நான்காக மடித்துப் பிரித்த ஒரு தாள் கிடந்தது. நீல மை. பெரிய பெரிய எழுத்து, வரிக்கு நாலைந்து சொல்தான். ஓரத்தில் சிவப்பு மையில் தனக்குத்தானே எழுதிக்கொண்ட குறிப்புகள். ‘இங்கே நிறுத்து.’ ‘தண்ணீர்.’ ‘அவசரப்படாதே.’ கீழே, இரண்டு முறை அடிக்கோடிட்டு, ‘அம்மா பெயர் வரும்போது தாளைப் பார்.’

யார் எழுதியது, என்ன நிகழ்ச்சி, அந்த அம்மா உயிரோடு இருந்தவரா போய்ச் சேர்ந்தவரா, எதுவும் தெரியாது. நான் அங்கே எவ்வளவு நேரம் குனிந்திருந்தேன் என்றும் தெரியாது. நிமிர்ந்து, ‘இங்கே நிறுத்து’ என்று எழுதியிருந்ததால் நிறுத்தினேன், ‘தண்ணீர்’ என்று இருந்ததால் குடித்தேன். அப்புறம் என் புத்தகத்தையே பிரித்து வைத்து அதிலிருந்து இரண்டு பக்கம் வாசித்தேன். அரங்கம் அசையாமல் கேட்டது. தாளை மடித்து அதே தட்டில் வைத்துவிட்டு வந்தேன், உரியவர் தேடி வரக்கூடும் என்று. எடுத்துவந்திருக்கலாம் என்று இன்றும் சில நாள் தோன்றும்.

கண்ணோடு கண் பார்த்துப் பேசு என்கிறார்களே, சில பெயர்களை யார் கண்ணையும் பார்த்துக்கொண்டு சொல்ல முடியாது. தாளைப் பார்த்தால்தான் அவை வாயிலிருந்து வெளியே வரும். உங்கள் பயிற்சியாளர் சுவர் என்கிறாரே, இருக்கட்டும் அந்தச் சுவர், சாய்ந்துகொள்ள ஆகும்.

ஆகவே போய் எழுதுங்கள். ஏழு நிமிடம் என்றால் ஆறு நிமிடத்துக்கு எழுதுங்கள், மேடையில் அது எப்படியும் நீளும். எழுத்துப் பெரிதாக இருக்கட்டும். தாளின் கீழ் மூன்றில் ஒரு பங்கைக் காலியாக விடுங்கள், அதுவரை எழுதினால் வாசிக்கும்போது தலை கவிழ்ந்து குரல் நெஞ்சுக்குள் போய்விடும். தாள்களைச் சேர்த்துப் பின் அடிக்காதீர்கள், புரட்டினால் மைக்கில் சருகு மாதிரி சத்தம் கேட்கும், தனித்தனித் தாளாக வைத்து முடித்ததைப் பக்கத்தில் தள்ளிவிடுங்கள். பக்க எண் போட மறக்காதீர்கள், ஒரு நாள் எல்லாம் கீழே விழும், எனக்கு விழுந்திருக்கிறது. போடியத்தின் கீழ் விளிம்பில் தாள் நழுவாமல் தடுக்கும் சட்டம் இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள், வழுவழுவென்று பாலிஷ் போட்டுவிட்டு அந்தச் சட்டத்தை வைக்காத தச்சர்களும் உண்டு. வீட்டில் பத்து முறை வாய்விட்டு வாசியுங்கள், பாதி தானாகவே மனதில் ஏறிவிடும், அப்போது நிமிர்ந்து பார்க்கலாம், பார்த்துவிட்டு இறங்கிவர ஓர் இடம் இருக்கும்.

டீச்சர் பெயர் வருகிற வரிகளுக்குச் சிவப்பு மையில் அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

கையை எங்கே வைப்பது என்று கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். 1976-ல் அமெரிக்க ஜனாதிபதி தேர்தலில் போட்டியிட்ட ஃபோர்டும் கார்ட்டரும் தொலைக்காட்சியில் விவாதம் செய்துகொண்டிருந்தபோது ஒலி போய்விட்டது. அது திரும்பி வரும்வரை 27 நிமிடமும் இரண்டு பேரும் ஆளுக்கொரு போடியத்தின் பின்னால் கோடிக்கணக்கானவர்கள் பார்க்க நின்றுகொண்டே இருந்தார்கள், அவர்களுக்கே கையை என்ன செய்வதென்று தெரிந்திருக்காது. போடியத்தின் மேல் வையுங்கள். தட்டாதீர்கள், மைக்கில் இடி மாதிரி கேட்கும். மோதிரம் போடுகிறவர் என்றால் அன்றைக்கு மட்டும் கழற்றிவிடுங்கள்.

அன்புடன்.