புழக்கடைக் கோழிகளும் மாலை நேர நாடகமும்: வாசகர் கேள்வி பதில்

வயதான பெற்றோருடன் வாழும் வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களில் நான்கை இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: என் தாயாருக்கு வயது 74. அப்பாவின் மறைவுக்குப் பிறகு ஊர் வீட்டைப் பூட்டிவிட்டு எங்களோடு தங்க வந்தபோது, தம் நாட்டுக்கோழிகளையும் கூடையில் வைத்துக் கொண்டுவந்துவிட்டார். இப்போது புழக்கடையில் இருபது உருப்படிகள் திரிகின்றன. சென்ற மாதம் மாலை நாடகத்தில் விளம்பரம் வந்த நேரத்தில் கோழிகளை அடைக்க விரைந்தவர், பின்வாசல் படியில் வழுக்கி விழுந்ததில் மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. கோழிகளை விற்றுவிடுமாறு என் அண்ணன்மார் வற்புறுத்துகிறார்கள். அந்தப் பேச்சை எடுத்தாலே அம்மா சாப்பாட்டைத் தொடுவதில்லை. நான் யார் பக்கம் நிற்பது? (வாசகி, பொள்ளாச்சி)

பதில்: அம்மாவின் பக்கம் நில்லுங்கள். மகள் வீட்டில் தங்கும் ஒரு தாய்க்கு அந்த வீட்டில் தமக்கென்று எதுவும் இல்லை என்ற எண்ணம் உள்ளூர இருந்துகொண்டே இருக்கும். அடுப்பு உங்களுடையது, வரவு செலவு உங்களுடையது, அவர் படுக்கும் கட்டில்கூட நீங்கள் வாங்கிப் போட்டது. கோழிகள் மட்டுமே அவருடையவை. பேரப்பிள்ளைக்கு அவித்துக் கொடுக்கும் முட்டையும், பக்கத்து வீட்டுக்கு விற்று முந்தானையில் முடிந்துகொள்ளும் காசும் அவர் யார் கையையும் எதிர்பாராமல் ஈட்டியவை. கோழிகளை விற்றுவிட்டால் அந்தப் படியில் விழும் ஆபத்து நீங்கலாம். ஆனால் காலையில் எழுந்து நடமாட அவருக்கு இருந்த காரணமும் நீங்கிவிடும், நடமாட்டம் குறைந்து கால் தசைகள் மெலிந்த முதியவர்கள் வீட்டுக்குள்ளேயே விழுகிறார்கள்.

அவர் விழக் காரணம் அவசரம். நாடகம் கடிகாரப்படி நடப்பது. கோழியோ வெளிச்சத்தைப் பார்த்து அடைவது. உங்கள் பகுதியில் கார்த்திகை மாதத்தில் ஆறு மணியை ஒட்டியே சூரியன் மறைந்துவிடும். ஆனி, ஆடியில் ஆறே முக்கால் வரை வெளிச்சம் இருக்கும். ஆகவே ஆண்டில் பல மாதங்களில் கூட்டை அடைக்கும் வேளையும் நாடகம் ஓடும் வேளையும் ஒன்றாக வந்துவிடுகின்றன. மங்கிய வெளிச்சத்தில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது என்பதால், பொழுது சாயும்போது அது தானாகவே அடையப் பார்க்கும். துரத்திப் பிடிக்க வேண்டியதில்லை. கடைசித் தீனியாகக் கம்பையோ அரிசிக் குருணையையோ மாலை ஐந்தரை மணிக்குக் கூட்டுக்குள்ளேயே வைத்துப் பழக்கினால், சில நாட்களில் நாடகம் தொடங்கும் முன்பே எல்லாம் உள்ளே வந்துவிடும். அப்படியும் உள்ளே போகாமல் முருங்கை மரத்தில் ஏறினால், கூட்டின் இடுக்குகளில் கோழிச்செல் இருக்கிறதா என்று விளக்கடித்துப் பாருங்கள். இரவில் இரத்தம் உறிஞ்சும் அந்தச் சிறு பூச்சிகளுக்குப் பயந்தே பல கோழிகள் கூட்டை ஒதுக்கும்.

கூட்டைத் தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்குத் தூக்கி வைத்து, கோழிகள் ஏறிச்செல்ல ஒரு பலகையைச் சாய்த்துவிட்டால், அம்மா குனிய வேண்டியிருக்காது. தண்ணீர்ச் சட்டி படிக்கு அருகில் இருந்தால் உடனே இடம் மாற்றுங்கள்; சிந்திய நீரில் பாசி பிடித்த படியைப் போல வழுக்குவது வேறொன்றில்லை. படிக்குச் சொரசொரப்பான சிமெண்ட் பூச்சு, ஒரு பக்கம் கைப்பிடிக் குழாய், வீட்டுக்குள்ளிருந்தே போடக்கூடிய புழக்கடை விளக்கு ஆகிய மூன்றும் வேண்டும். அண்ணன்மாரின் கவலை உண்மையானது. அந்தக் கவலையோடு இந்தச் செலவையும் அவர்கள் ஏற்றுக்கொள்ளட்டும்.

இருபது என்பது அவர் வயதுக்கு அதிகம்தான். எவற்றை வைத்துக்கொள்வது என்று அவரே தேர்ந்தெடுக்கும்படி விட்டு, ஏழெட்டாகக் குறைக்கலாம். அண்டை வீட்டார் சேவலின் கூவலைக் குறை சொன்னால் சேவலைக் கொடுத்துவிடலாம்; சேவல் இல்லாமலும் கோழி முட்டையிடும். அந்த முட்டை பொரிக்காது, அவ்வளவுதான். அம்மாவுக்குக் குஞ்சு பார்க்க ஆசை வந்தால், சேவல் உள்ள வீட்டிலிருந்து முட்டை வாங்கி அடை வைத்துவிட்டு, 21 நாள் காத்திருந்தால் போதும்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். நின்ற நிலையிலிருந்து விழுந்ததற்கே எலும்பு முறிந்திருப்பதால், அது தேய்ந்திருக்க வாய்ப்புண்டு. எலும்பின் அடர்த்தியைச் சோதிப்பது பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால், உட்கார்ந்த நிலையிலும் எழுந்து நின்ற பிறகும் அழுத்தத்தை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். வெகுநேரம் அமர்ந்திருந்து சட்டென்று எழும்போது அது இறங்கித் தலைசுற்றலை உண்டாக்கும்.

கேள்வி: எண்பது வயதான என் தந்தை நாள்தோறும் காலையில் வீட்டுக்கோழி முட்டையைப் பச்சையாக உடைத்துக் குடிக்கிறார். இது நல்லதா? (வாசகர், மேலூர்)

பதில்: வேண்டாம். வீட்டுக்கோழி முட்டையிலும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். இளவயதினருக்கு இரண்டு மூன்று நாள் வயிற்றுப்போக்கோடு போகக்கூடியது, எண்பது வயதில் நீரிழப்பில் கொண்டுபோய் விட்டுவிடும். அவித்த முட்டையின் புரதம்தான் பச்சை முட்டையின் புரதத்தைவிட நன்றாகச் செரிக்கிறது என்பதை அவரிடம் எடுத்துச் சொல்லுங்கள். கூட்டைச் சுத்தம் செய்த பின் சோப்பால் கை கழுவட்டும்; மூச்சிரைப்பு இருந்தால் அந்த வேலையை நீங்கள் செய்யுங்கள். கோழிகளைத் தாக்கும் வெள்ளைக்கழிச்சல் நோய்க்குக் கால்நடை பராமரிப்புத் துறை பிப்ரவரியில் நடத்தும் முகாமில் இலவசமாகத் தடுப்பூசி போடுகிறார்கள். கோழிகள் அடுத்தடுத்துச் செத்து விழுந்தால் வெறுங்கையால் தொடாமல் 1962 என்ற கால்நடை மருத்துவ உதவி எண்ணுக்குத் தெரிவியுங்கள்.

கேள்வி: என் அத்தை தொலைக்காட்சியின் ஒலியைத் தெருமுனை வரை கேட்கும்படி வைத்து நாடகம் பார்க்கிறார். மகள் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். குறைக்கச் சொன்னால், "நான் பார்ப்பதே உங்களுக்குப் பிடிக்கவில்லை" என்று வருந்துகிறார். (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: வயது ஏறும்போது முதலில் குறைவது உச்சத் தொனியைக் கேட்கும் திறன். ச, த, க போன்ற மெய்யொலிகளின் கூர்மை அதில்தான் இருக்கிறது. எனவே அத்தைக்குக் குரல் காதில் விழுகிறது, சொல் விளங்குவதில்லை. நாடகங்களில் வசனத்தின் மேலேயே பின்னணி இசையையும் வாரி இறைப்பதால், ஒலியைக் கூட்டக் கூட்ட இசையும் சேர்ந்தே கூடுகிறது. நாற்காலியைத் தொலைக்காட்சிக்கு நெருக்கமாக நகர்த்தினால் பாதிக் குறை தீரும். காதில் குறும்பி அடைத்திருக்கிறதா என்று மருத்துவர் பார்க்கட்டும். பிறகு செவித்திறன் சோதனை செய்துகொள்ளலாம். வருவாய் குறைந்த குடும்பங்களின் முதியோருக்கு, 2017இல் தொடங்கிய ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்ட முகாம்களில் காது கேட்கும் கருவி இலவசமாகக் கிடைக்கிறது. கம்பியில்லா ஹெட்போனும் உதவும். ஆனால் அதைக் காதில் மாட்டியதும் அவர் வீட்டாரிடமிருந்து துண்டிக்கப்பட்டதாக உணரக்கூடும் என்பதால், வாரத்தில் சில நாட்களாவது ஒருவர் அருகில் அமர்ந்து அவரோடு நாடகம் பாருங்கள். அவருடைய வருத்தத்தின் வேர் ஒலியில் இல்லை.

கேள்வி: ஊரில் தனியாக இருக்கும் அம்மாவிடம் பெங்களூரிலிருந்து தினமும் பேசுகிறேன். அன்றைய நாடகத்தில் நடந்ததையும் எந்தக் கோழி எங்கே முட்டையிட்டது என்பதையும் தவிர அவர் வேறெதுவும் பேசுவதில்லை. சலிப்பாக இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. (வாசகி, பெங்களூரு)

பதில்: 1999இல் 'சித்தி' தொடங்கிய காலத்திலிருந்து இரவுச் சமையலை நாடக நேரத்துக்கு ஏற்பத் திட்டமிட்டு வாழ்ந்த தலைமுறை உங்கள் அம்மாவுடையது. மூட்டுவலியையும் தனிமையையும் சொல்லி உங்களை வருத்த விரும்பாத ஒரு தாய், சொல்லத்தக்க சேதியாக நாடகத்தையும் கோழியையும் தேர்ந்தெடுக்கிறார். அதைத் தடுக்காமல், அந்த மருமகள் செய்தது சரியா என்று அவரிடமே கேளுங்கள். தம் வாழ்க்கையைப் பற்றி நேராகச் சொல்லாத எத்தனையோ விஷயங்களை அந்தப் பதிலில் சொல்வார்.

பயத்தைப் பொறுத்தவரை, ஐந்தாறு குடும்பங்களின் கிளைக்கதைகளைக் குழப்பமின்றித் திரும்பச் சொல்ல முடிவது நல்ல அறிகுறியே. ஒரு பாத்திரத்தின் பெயர் மறந்து சற்று நேரம் கழித்து நினைவுக்கு வந்தால் அது வயதின் இயல்பு. ஆனால் ஒரே காட்சியை அதே அழைப்பில் புதிதுபோல் மீண்டும் சொல்வது, நெடுநாள் பார்த்த பாத்திரங்களின் உறவுமுறை குழம்புவது, தீனி போட்டதை மறந்து மறுபடியும் போடுவது, கூட்டை இரவு முழுவதும் திறந்தே விடுவது போன்றவை அடிக்கடி நேர்ந்தால் காத்திருக்க வேண்டாம். பி12 வைட்டமின் குறைபாடு, தைராய்டு, சிறுநீர்த் தொற்று, மனச்சோர்வு ஆகியவற்றாலும் மறதி வரும். இவை குணப்படுத்தக் கூடியவை. எல்லாவற்றையும் முதுமை மறதி நோய் என்று நீங்களாகவே முடிவு கட்டிவிடாமல், முதலில் பொது மருத்துவரிடம் அழைத்துச் சென்று இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். அவர் சாப்பிடும் மாத்திரைகள் அனைத்தையும், கடையில் தாமாக வாங்கிய தூக்க மாத்திரை இருந்தால் அதையும் சேர்த்து, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். நீங்கள் ஊருக்குப் போக நாளாகும் என்றால், அவரோடு உட்கார்ந்து நாடகம் பார்க்கும் அண்டை வீட்டுப் பெண்ணிடம் இந்த அறிகுறிகளைச் சொல்லி வையுங்கள். மாற்றத்தை முதலில் கவனிக்கப் போகிறவர் அவர்தான்.