தூரிகைக் கேள்விகள்: மேகத்துக்கு மணி குறித்தவர்

சென்ற இதழில் ஆங்கிலேய நிலக்காட்சி ஓவியர் ஜான் கான்ஸ்டபிளின் (1776–1837) 'தி ஹே வெய்ன்' (புல் வண்டி) ஓவியத்தை வெளியிட்டிருந்தோம். ஆற்றுத் தண்ணீருக்குள் ஒரு வண்டி நிற்கிற படம் அது. அதையொட்டி வந்த கேள்விகளில் சில.

கேள்வி: வாழ்நாள் முழுக்க ஒரே ஆற்றங்கரையையே வரைந்தாராமே, அவருக்கு அலுக்கவில்லையா? நாங்கள் ஊட்டி, மூணாறு என்று ஓடுகிறோம். – வாசகர், ஈரோடு

முழுக்க என்பது சற்று மிகை. சாலிஸ்பரி, லண்டனின் ஹாம்ப்ஸ்டெட், பிரைட்டன் என்று இங்கிலாந்தின் வேறு ஊர்களும் வரைந்திருக்கிறார். ஆனால் பேர் வாங்கித் தந்த பெரிய படங்களில் பெரும்பாலானவை சஃபோக்கில் ஸ்டூர் நதியோரத்தில் சில மைல் தூரத்துக்குள் அடங்கிவிடும். அவருடைய அப்பா அங்கே ஆலைக்காரர். பிளாட்ஃபோர்டில் தண்ணீரில் ஓடும் மாவு ஆலை அவர்களுடையது, ஒரு காற்றாலையும் இருந்தது. பையனும் ஓவியம் படிக்கப் போகுமுன் அப்பாவின் தொழிலில் கொஞ்ச காலம் இருந்தான். காற்றாலையில் நிற்பவனுக்கு வானத்தைப் பார்ப்பது பொழுதுபோக்கு அல்ல. காற்று திரும்புவதைக் கவனிக்கத் தவறினால் இறக்கை உடையும்.

மலையும் அவர் போய்ப் பார்த்ததுதான். 1806இல் இங்கிலாந்தின் மலைப்பகுதியான ஏரி மாவட்டத்தில் ஏறக்குறைய இரண்டு மாதம் தங்கி நிறைய வரைந்தார். ஆனால் மலையின் தனிமை மனசை அழுத்துகிறது என்று சொன்னதாக அவர் வரலாற்றை எழுதிய நண்பர் லெஸ்லி குறிக்கிறார். தனக்குப் பிடித்தவை எவை என்று 1821இல் நண்பர் ஃபிஷருக்கு எழுதிய கடிதத்தில் அவரே பட்டியல் போட்டார்: ஆலை மடையிலிருந்து தண்ணீர் வழியும் ஓசை, வில்லோ மரம், மக்கிய பலகை, பாசி பிடித்த கம்பம், செங்கல் சுவர். ஊட்டிக்குப் போங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் உங்கள் ஊர் வாய்க்கால் மதகை 4 பருவத்திலும் வரைந்து பார்த்துவிட்டுப் போங்கள்.

கேள்வி: எண்ணெய் வண்ணத்தில் மேகம் வரைந்தால் பஞ்சுப் பொதி மாதிரி வருகிறது. அவர் எப்படிச் செய்தார்? – கல்லூரி மாணவி, நாகர்கோவில்

1821, 1822 இரண்டு ஆண்டுகளிலும் ஹாம்ப்ஸ்டெட் மேட்டில் வானத்தை மட்டுமே தாளில் எண்ணெய் வண்ணத்தால் வரைந்து தள்ளினார். 1822 அக்டோபரில் கையில் ஐம்பது வான ஆய்வுகள் இருப்பதாக எழுதினார். பின்பக்கத்தில் குறிப்பு இருக்கும். ஒன்றில் உள்ளது இது: செப்டம்பர் 5, காலை 10 மணி, தென்கிழக்கு நோக்கி, மேற்கிலிருந்து வேகக் காற்று, மஞ்சள் படுகைமேல் சாம்பல் மேகங்கள் விரைந்து ஓடுகின்றன. வானம் என்பது பொருள்களுக்குப் பின்னால் விரித்த வெள்ளைத் துணி என்ற அறிவுரையை அவர் ஏற்கவே இல்லை. படத்தின் சுருதியே வானம் என்பது அவர் கட்சி.

நீங்கள் 20×25 செ.மீ. அளவில் 300 ஜிஎஸ்எம் தடித்த தாள் எடுங்கள். ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சு இரண்டு தடவை, இரண்டாவது குறுக்காக. வெறும் தாளில் வரைந்தால் தாள் எண்ணெயைக் குடிக்கும், நிறம் செத்துவிடும், நாளாவட்டத்தில் தாளும் பழுத்து நொறுங்கும். ஜெஸ்ஸோ காய்ந்ததும் அக்ரிலிக் பர்ன்ட் சியன்னாவை (செம்பழுப்பு) தண்ணீராகக் கரைத்து ஒரு பூச்சு. வெள்ளைத் தாளில் எந்த நிறமும் உள்ளதைவிட இருட்டாகத் தெரியும். அதனால் மேகத்தை வெளுப்பாக்கிக்கொண்டே போவீர்கள், பஞ்சு அங்கேதான் பிறக்கிறது. கான்ஸ்டபிளும் செம்பழுப்பு, இளஞ்சிவப்பு அடிப்பூச்சுகள்மேல் வரைந்தவர்தான்.

வெளியே உட்காருமுன் மூன்று குவியல் கலந்து வையுங்கள். வானத்துக்குக் கோபால்ட் நீலமும் வெள்ளையும். மேகத்தின் வெயில் பக்கத்துக்கு வெள்ளையில் துளி யெல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்). அடிவயிற்றுக்குக் கோபால்ட், லைட் ரெட் (மண் சிவப்பு), வெள்ளை. கறுப்பு சேர்த்தால் மேகம் அழுக்குத் துணி ஆகிவிடும். முதல் மூன்று நிமிடத்தில் கரியால் பெரிய உருவங்களை மட்டும் பிடியுங்கள். அப்புறம் அந்த மேகம் நகர்ந்தாலும் அதைத் துரத்தாதீர்கள். அதே இனத்தில் அடுத்து வரும் மேகத்தைப் பார்த்து நிறம் எடுங்கள். துரத்துகிறவர் படத்தில் ஒரு மேகத்துக்கு வலப்பக்கம் வெயில், இன்னொன்றுக்கு இடப்பக்கம் வெயில் அடிக்கும்.

அடிவானத்தை நெருங்க நெருங்க மேகம் சிறுத்து, தட்டையாகி, இடைவெளி குறையும். நீலமும் வெளிறும். எல்லாம் ஒரே அளவில் இருந்தால் வானம் சுவராக எழுந்து நிற்கும். ஒவ்வொரு மேகத்திலும் ஒரு ஓரம் கூர்மையாக இருக்கட்டும், மற்றதை உலர்ந்த தூரிகையால் கலைத்துவிடுங்கள். தூய வெள்ளை கடைசியில், இரண்டே இடத்தில். 45 நிமிடத்தில் நிறுத்திவிட்டுப் பின்பக்கம் தேதி, மணி, திசை, காற்று எழுதுங்கள். எண்ணெய்த் துணியைக் கசக்கி மூலையில் எறியாதீர்கள். ஆளி விதை எண்ணெய் காயும்போது சூடேறித் தானாகவே தீப்பற்றும். விரித்துக் காயப்போடுங்கள்.

கேள்வி: 'தி ஹே வெய்ன்' அங்கேயே உட்கார்ந்து வரைந்ததா? – வாசகர், திருச்சி

இல்லை, லண்டனில். 130×185 செ.மீ. துணியை ஆற்றங்கரைக்குத் தூக்கிப்போவது நடக்கிற காரியமா? முந்தைய ஆண்டுகளில் அங்கே போட்ட சிறு படங்கள் கையில் இருந்தன. வண்டியின் விவரம் போதாமல் ஊருக்கு எழுதி, ஜான் டன்தார்ன் என்ற இளைஞரிடம் வண்டிப் படம் வரைந்து வாங்கினார். 1821இல் லண்டன் ராயல் அகாடமி ஓவியக் கண்காட்சியில் 'நிலக்காட்சி: நண்பகல்' என்ற பெயரில் மாட்டினார். மூன்று ஆண்டு கழித்துப் பாரிஸில் அதற்குத் தங்கப் பதக்கம்.

அசல் படத்துக்கு முன் அதே அளவில் ஒரு முழு எண்ணெய் மாதிரியும் போட்டார், இப்போது விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இந்த இரட்டை வேலை எதற்கு என்றால், உள்ளங்கை அளவுப் படத்தில் ஒரு தீற்றல் அழகாக இருக்கும். அதையே ஆறு மடங்கு பெருக்கினால் அந்த இடம் வெறும் மைதானம். அங்கே என்ன வைப்பது என்பதை மாதிரியில் தீர்த்துக்கொண்டார். அப்படியும் முழுதாகத் தீரவில்லை: அசலில் கரையோரம் முதலில் குதிரையில் ஒரு ஆள், அப்புறம் அந்த இடத்தில் பீப்பாய், கடைசியில் அதையும் வண்ணத்தால் மூடிவிட்டார். உங்களுக்குச் செலவில்லாத வழி, பிரவுன் ஷீட்டை ஒட்டி முழு அளவில் கரியும் சாக்பீஸும் கொண்டு இருட்டு, வெளிச்சம் மட்டும் போட்டுப் பார்ப்பது.

கேள்வி: வயல் வரைந்தால் பச்சை பிளாஸ்டிக் மாதிரி இருக்கிறது. – வாசகர், மன்னார்குடி

டியூப் பச்சையை அப்படியே பூசுகிறீர்கள். கான்ஸ்டபிளின் புல்வெளிப் பச்சை ஒன்றல்ல, பல பச்சைகளின் கூட்டம் என்று பிரெஞ்சு ஓவியர் டெலக்ரவா தன் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். அல்ட்ராமரைன் (அடர் நீலம்) + யெல்லோ ஓக்கர், விரிடியன் (நீலம் கலந்த பச்சை) + லைட் ரெட், கோபால்ட் + லெமன் யெல்லோ என்று மூன்றைத் தனித்தனியாகப் பக்கம் பக்கமாக வையுங்கள், பலகையில் ஒன்றாகக் குழப்ப வேண்டாம். இலைமேல் மினுங்கும் வெள்ளைப் புள்ளிகளை அடிப்பூச்சு காய்ந்த பிறகே வையுங்கள். ஈரத்தில் வைத்தால் சுண்ணாம்பாகிவிடும். கான்ஸ்டபிளின் புள்ளிகளையே அந்தக் கால விமர்சகர்கள் 'வெண்பனி' என்று கேலி செய்தார்கள்.

கேள்வி: வண்டி ஏன் தண்ணீருக்குள் நிற்கிறது? – வாசகர், பொள்ளாச்சி

வலக்கோடியில் புல் ஏற்றுகிற ஆட்கள் சின்னதாகத் தெரிகிறார்கள். வெற்று வண்டி அந்தப் பக்கம் ஆற்றைக் கடந்து போகிறது. வெயிலில் மரச் சக்கரம் சுருங்கி இரும்புப் பட்டை தளரும், நனைத்தால் மரம் ஊறிப் பட்டை இறுகும், அதற்கும் சேர்த்துத்தான் என்று விளக்கம் சொல்வார்கள். கோடையில் மாட்டுவண்டியைக் குளத்தில் இறக்கி நிறுத்திய பொள்ளாச்சிக்காரருக்கு இதை நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.